நழுவிய முக்காடு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மூன்றாவது கீமோ ஏறிய பத்தாம் நாளில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று சாவு எனக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அதை எல்லோரிடமும் மறைத்தது நான்தான்.

மேலூர் எங்கள் ஊர். மதுரை தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலை. மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண், குடித்த தண்ணீர். அழுகைக்குக் கட்டம் போடவில்லை.

சோறு இரும்பைக் கடிப்பதுபோல இருந்தது. தாளிக்கும் வாசனைக்கே குமட்டியது. பல் துலக்கினால் ரத்தம். விரல் நுனிகள் மரத்து, ஊக்கு மாட்டக்கூட அம்மாவைக் கூப்பிட்டேன்.

எங்கள் சபைப் பெண்கள் பன்னிரண்டு பேர், வெள்ளிதோறும் எனக்காக உபவாசம் இருந்து, எங்கள் வீட்டில் கூடி ஜெபித்தார்கள். அவர்கள் பட்டினியாக வரும் நாளில் கஞ்சி குடிக்க எனக்கு வெட்கம். குடித்துவிட்டதாக அம்மாவிடம் பொய் சொல்வேன்.

அந்த வெள்ளி காலையிலேயே குளிர் நடுக்கியது. தெர்மாமீட்டரில் நூற்றொன்று. நூறு புள்ளி நான்கைத் தொட்டாலே உடனே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருந்தது. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் கிருமி ஒரே நாளில் ஆளை முடித்துவிடும். எல்லாம் தெரியும். ஆனாலும், இத்தனை பேர் பட்டினி கிடந்தும் காய்ச்சல் வந்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? நோட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜெபம் தொடங்கியது. முக்காடு போட்டு உட்கார்ந்தேன். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. பற்கள் அடித்துக்கொண்டன. "ஆண்டவரே, என்னால் சொல்ல முடியவில்லை. நீரே யாரையாவது கேட்க வையும்." வேறு ஜெபம் வரவில்லை.

முடியில்லாத தலையில் துப்பட்டா நிற்காது. அதற்கு வெட்கப்பட்டே ஒரு மாதமாக நான் கோயிலுக்குப் போகவில்லை. அன்றும் நழுவியது. பக்கத்தில் இருந்த தையல்கடை ஜெயராணி அக்கா அதை இழுத்துவிட்டார். கை என் தலையில் பட்டது. எடுக்கவில்லை.

"ஏம்மா மெர்சி, தோசக்கல்லாட்டம் இம்புட்டுச் சூடா இருக்கு! எங்க உன் நோட்டு?"

அம்மா எடுத்து வந்தார். அக்கா புரட்டினார்.

"எத்தன வாட்டி கக்குனேன்னுகூட எழுதி வச்சிருக்க. இன்னைக்குக் காய்ச்சக் கட்டம் மட்டும் ஏன் காலியாக் கெடக்கு?"

"நூத்தியொண்ணுக்கா... நீங்கள்லாம் பட்டினி கெடக்கும்போது எப்படிச் சொல்ல..."

"கிறுக்குப் புள்ள! நாங்க பட்டினி கெடக்குறது நீ பொழைக்க. நல்ல பேரு வாங்கவா? ஆமென் பெறகு சொல்லிக்குவோம், ஆட்டோவக் கூப்பிடுங்கடி!"

மதுரை வரை அக்கா மடியில் தலை. ஆறு நாள் ஆஸ்பத்திரி. சாயங்காலம் வரை விட்டிருந்தால் தாங்கியிருக்காது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார்.

சிகிச்சை இன்னும் முடியவில்லை. நகங்கள் கறுத்திருக்கின்றன. கால் விரல்கள் மரத்தே இருக்கின்றன. பயமும் போகவில்லை. ஆனால் நான் கேட்டதைக் கர்த்தர் தந்தார். எந்தத் தலையை ஒளித்தேனோ, அதன்மேலேயே ஒரு கையை வைத்தார்.

உங்களில் யாராவது வலியை மறைத்துக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்திருந்தால், அவரை நம்பி, பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளி உபவாசம் இன்றும் நடக்கிறது. நான் ஒரு டம்ளர் கஞ்சியைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் ஜெயராணி அக்கா முதல் பாட்டை எடுக்கிறார்.