மூடியில் கட்டிய பை

மழைக்கு முன் உழுதுவிட வேண்டும். சம்மாந்துறை வயலில் உழவு இயந்திரமோ ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. டீசல் தாங்கி மூடியில் கட்டியிருந்த சொப்பிங் பையை அவிழ்த்துத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது வந்த மாரியிலும் இதே சத்தம் கேட்டது. வாப்பா காலையிலிருந்து டீசல் குழாயைக் கழற்றி வாயால் ஊதிக் களைத்திருந்தார். மழைத்தண்ணீர் இறங்காதிருக்க மூடியைப் பையால் இறுக்கிக் கட்டியவர் உம்மா. மூடியின் காற்றுத்துளை அடைபட்டதால் டீசல் இறங்கவில்லை.

“மூக்கையும் வாயையும் பொத்தினா நீ ஓடுவியா?” என்றார் வாப்பா.

“உங்கட வாயிலயும் ஒண்டு கட்டட்டா?” என்றார் உம்மா.

டீசல் நாறும் தாடியோடு வாப்பா சிரித்தார்.

இப்போது எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது. இருவரும் மௌத்தாகி அடக்கமான பின் வரும் முதல் மாரி இது. பையைக் கட்டியவன் நான். ஏச ஒருவரும் இல்லை.