குகையிலிருந்து வந்த துடக்கு

எனக்கு அப்போது எட்டு வயது. ஜெர்மனியில் பள்ளி விடுமுறையில் ஒருநாள், பழங்காலத்து வேட்டைக்காரர்களின் குகையைப் பார்க்க அப்பா என்னைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு குழிக்குள் மண்டையோடுகள். தலைகளை மட்டும் நெருக்கமாக அடுக்கி, சிவப்புத் தூள் பூசி, மான் பல் மாலை வைத்திருந்தார்களாம். எல்லா முகமும் சூரியன் மறையும் பக்கம். அதில் ஒன்று என் தலையைவிடச் சிறியது.

அப்பாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பிடாத பிள்ளை. உது சும்மா செய்து வச்சிருக்கிற பொம்மைத் தலையள். உண்மையான ஆக்கள் செத்துக் கனகாலம்."

"எண்டாலும் இது செத்தவீடுதானேப்பா?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். அதனால் அம்மாவின் சொந்த அண்ணனின் செத்தவீட்டுக்கே அவரைப் போக விடவில்லை. போய்வந்த அப்பாவும் குளித்த பிறகுதான் அம்மாவின் பக்கத்தில் வந்தார். குளிக்காமல் வந்தால் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, வீட்டுக்குள் வந்துவிடும் என்றார்கள். காரில் வரும்போது அந்தச் சின்னத் தலை பின்சீட்டில் இருப்பது போலவே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் படியிலேயே நின்று கத்தினேன்.

"திறக்காதேங்கோ அம்மா! தம்பி செத்துப்போவான்!"

அப்பாவின் சிரிப்பு நின்றது. காரில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, என்னைக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தித் தலையில் ஊற்றினார். பிறகு தன் தலையிலும். குளிரில் பற்கள் தந்தியடித்தன. மேல்மாடி ஜெர்மன்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"அல்லஸ் கூட், அல்லஸ் கூட்," எல்லாம் நல்லபடிதான் என்று அவருக்குக் கையசைத்துவிட்டு, "இப்ப சரியோ?" என்றார் அப்பா.

"உங்கட கழுத்து நனையேல்ல."

மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டார்.

அது நடந்து எத்தனையோ வருடம். நேற்று அப்பாவை எரித்துவிட்டு வந்தோம். தம்பி முதலில் குளித்தான்.

"நீயும் தலைக்கு வார்த்திட்டு வா பிள்ளை," என்று அம்மா துவாயைத் தந்தார்.

பைப்பைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். பெட்டியை மூடுமுன் அப்பாவின் நெற்றியில் நான் பூசிய சந்தனம் விரலில் காய்ந்திருந்தது. கழுவ மனம் வரவில்லை.

செத்தவர்கள் எழும்பி வராமல் இருக்கத்தான் குகைத் தலைகளில் அந்தச் சிவப்புத் தூள் என்று எட்டு வயதில் நினைத்திருந்தேன். அந்தச் சின்னத் தலையில் அதைப் பூசிவிட்டு யாரோ ஒருவர் என்னைப் போலவே கையைக் கழுவ மனமில்லாமல் இருந்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.