சேர்த்துக் கட்டிய இரண்டு கேபிள்கள்

பொத்தேரிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் செய்த பெட்டி, டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஒளியிழைக் கேபிள் ஒன்று அறுந்தால், அதில் போய்க்கொண்டிருந்த ஒளியை இன்னொரு கேபிளுக்கு மாற்றிவிடும். வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அறுந்ததே தெரியாது. இதற்குத்தான் என் முப்பதுகளில் பாதி போனது.

மேசைமேல் அது ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் தெருவில் ஓட்டிக் காட்டினால்தான் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் வாங்குவார்கள். அவர்கள் வாங்காவிட்டால் என் ஆய்வை நிறுத்திவிடுவதாக ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பிறந்த ஊரான கோவளத்தில் என் தம்பி வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறான். அவனிடம் போய் நின்றேன். எனக்காகவே இரண்டு தெரு வழியாக இரண்டு கேபிள் இழுத்து, ஊர் இணைப்பை அவற்றில் ஓடவிட்டான். கரையோரம் கொஞ்ச தூரம் மட்டும் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் வரும். அங்கேயும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று, நான் ஒரு கேபிளைக் கழற்றிக் காட்டுவதற்கு முன்பே, படகு இழுத்துவந்த டிராக்டர் கரையோரக் கம்பம் ஒன்றைச் சாய்த்துவிட்டது. இரண்டு கேபிளும் அறுந்து ஊரே இணைப்பில்லாமல் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டையும் வலை நூலால் அழகாகச் சேர்த்துக் கட்டியிருந்தது.

"இன்னாடா இது?" என்றேன் தம்பியிடம்.

"தனித்தனியா காத்துல ஆடிகினு இருந்துச்சுக்கா. நான்தான் கட்னேன். கவுறுகூட சேத்துதானே முறுக்குவோம்? ஒண்ணா இருந்தாதான் பலம்."

அந்தக் கரையில் பிறந்த எவனும் அதைத்தான் செய்வான். அவன் காது நான் சொன்னதைக் கேட்டது, கைதான் கேட்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உன் பலத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடு" என்று கத்தினேன். இன்னொரு முறை பார்க்கலாம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் போய்விட்டார்கள்.

பஸ் மாறி, செங்கல்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போதும் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தேன். காற்றில் ஆடியதாமே! அப்போதுதான் உறைத்தது. கேபிள் ஆடினால் உள்ளே போகும் ஒளியும் லேசாக மாறும். இரண்டு கேபிளின் ஒளியும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மாறினால், அவை எங்கோ சேர்ந்திருக்கின்றன என்றுதானே பொருள்? எந்த இடத்தில் என்றும் கணக்கிடலாம். நம்பிய மாற்றுவழி உண்மையிலேயே தனிவழிதானா என்பதை அறுவதற்கு முன்பே பெட்டி சொல்லிவிடும்.

பெட்டியில் அதையும் சேர்த்துவிட்டு, கடைசிச் சோதனைக்குப் புதுக் கேபிள்கள் இழுத்தோம். "எங்கயாவது ஒரு எடத்துல சேத்துக் கட்டு. எங்கேன்னு எனக்குச் சொல்லாதே" என்றேன் தம்பியிடம். மதியம் கடல்காற்று எழுந்தது. கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் இரண்டு இடங்கள் தெரிந்தன.

"அல்லா மேல ஆணையா ஒரே எடத்துலதான்க்கா கட்னேன்!"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷ உழைப்பும் போயிற்று என்றே நினைத்தேன். தம்பிதான் "வாங்க சார், போய்ப் பாத்துரலாம்" என்று முன்னால் நடந்தான்.

முதல் இடத்தில் அவன் போட்ட முடிச்சு இருந்தது. பெட்டி காட்டிய அடுத்த இடம் ஒரு மீனவர் வீட்டு வாசல். அங்கே தாழத் தொங்கிய இரண்டு கேபிளையும் யாரோ பழைய லுங்கித் துணியால் சேர்த்து முடிந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார்.

"இன்னா கண்ணு பாக்குற? தலைல இடிச்சிகினே இருந்துச்சு. நான்தான் காலைல முடிஞ்சேன்."

நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த அம்மா பதறிப்போய் முடிச்சில் கை வைத்தார்.

"அவுத்துடறேன் கண்ணு, அவுத்துடறேன். இதுக்குப் போயா அழுவுற?"

வேண்டாம் என்று தலையாட்டி, அந்த முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டேன்.