எலுமிச்சைச் சாற்றில் இறங்க மறுத்த மூலக்கூறு

மருந்தாகக்கூடிய மூலக்கூறுகளைச் செய்கிற வேலையில் பாதி நாள் குடுவை கழுவுவதில் போகும், மீதி நாள் அந்தக் குடுவையையே வெறித்துப் பார்ப்பதில் போகும். என்னைப் போல ஆய்வகத்தில் இளமையைக் கரைத்துக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கப்போய் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பந்தியில்

விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் உட்கார்ந்த சித்தி, "தூத்துக்குடியில அப்படி என்னதான் படிக்கே?" என்று கேட்டாள். ஒரு ஆளாவது கேட்டதே என்ற சந்தோஷத்தில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் சொன்னேன். கிருமியைக் கொல்லக்கூடிய மூலக்கூறுகளை உண்டாக்குகிறோம். வழக்கமாக இதற்குக் குளோரோஃபார்ம் மாதிரி கரைப்பான்களும் காட்டமான அமிலங்களும் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்பது பெரிய தலைவலி. நாங்கள் அதெல்லாம் இல்லாமல் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சூடு, இவற்றை வைத்தே செய்யப் பார்க்கிறோம். இதற்குப் பேர் பசுமை வேதியியல்.

சித்தி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே முழுசாகக் கேட்டாள். "தண்ணி, எலுமிச்சம்பழம், சூடு... அப்ப இத்தன வருசமா நீ அங்கன ரசம் வைக்கத்தான் படிக்கியாக்கும்?"

பழத்துக்கு வந்த வியாதி

எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரே புளிப்பாக இருக்காது. புளிப்பு மாறினால் எங்களுக்குக் கிடைக்கிற பொருளின் அளவும் மாறும். அதனால் மார்க்கெட்டுக்குப் போகும்போதே அமிலத்தாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொள்வேன். அன்றைக்குக் கடை அண்ணாச்சியைப் பழத்தை வெட்டச் சொல்லி, சாற்றில் தாளை நனைத்து, வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டேன். சரியில்லை. வேறு கூடையிலிருந்து ஒன்று. அதுவும் சரியில்லை. தக்காளி வாங்க வந்தவர்கள் தக்காளியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அண்ணாச்சி பொறுமைசாலி. கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "சுகருக்குத்தாம்மா இப்படிப் பேப்பர்ல பாப்பாங்க. எம் பழத்துக்கு என்ன வியாதின்னு நீ சொல்லிட்டேன்னா, நானும் வைத்தியம் பாப்பேம்லா?"

பால்

இது அழுத கதை. என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரை நாங்கள் 'சார்' என்போம். அவர் என் ஆய்வின் தலைப்பிலேயே 'கரிமக் கரைப்பான் ஒரு துளியும் இன்றி' என்று போட்டுவிட்டார். தலைப்பு பதிவும் ஆகிவிட்டது. மூலக்கூறு என்னவோ உண்டானது. சோதனைத் தகட்டில் அதன் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. ஆனால் தண்ணீரைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. குடுவை முழுக்கப் பால் மாதிரி கலங்கல். வடிகட்டினால் தாளில் ஒன்றும் நிற்காது. ஐஸில் வைத்தேன், கண்ணாடிக் குச்சியால் சுரண்டினேன், கெஞ்சியும் பார்த்தேன்.

குளோரோஃபார்ம் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினால் பிரித்துவிடலாம். அந்தப் பாட்டில் எதிர் அலமாரியிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. என் வேலையை மதிப்பிடும் ஆய்வுக் குழு கூடும் நாளோ நெருங்கிவிட்டது. அதற்குள் பொருளைத் தூளாக எடுத்து, கிருமியின்மேல் சோதித்து, முடிவைக் காட்டியாக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சார் முன்னால் போய் நின்றேன்.

"குளோரோஃபார்ம தாராளமா தொடும்மா. தலைப்ப மாத்தி, புதுசா பதிவு பண்ணி, முதல்ல இருந்து ஆரம்பிச்சுருவோம்."

ஒரு கை

பக்கத்து மேசை செல்சியும் என்னைப் போல ஆராய்ச்சி மாணவி. அவள் அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு உண்டு. கடைசி முயற்சிக்கென்று நான் ஒரு பெரிய பாட்டில் நிறையச் சாறு பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் அதை எடுத்து, சேர்மங்களோடு கலந்து, வழக்கம்போலச் சூடாக்கி, ஆறவைத்துவிட்டுத் திரும்பினால், பால் தெளிந்து அடியில் வெள்ளை வெளேரென்று தூள் படிந்து கிடக்கிறது! நான் போட்ட கத்தலில் சார் ஓடிவந்தார். "என்னம்மா மாத்துன?" என்றார். எதையும் மாற்றவில்லை என்று சத்தியமே செய்தேன்.

செல்சி மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நேத்து நீ போனப்புறம் கரண்டு போச்சுல்லா, சாறு கெட்டுருமேன்னு, ஐஸு இன்னும் குளிரட்டும்னு அதுல போட வச்சிருந்த கல்லுப்புல ஒரு கை அள்ளிப் போட்டேன். அப்பா கடலுக்குப் போறப்ப எலுமிச்சஞ்சாறு அப்படி உப்பு போட்டுத்தான் கொடுத்துவிடுவோம்."

ஊறுகாய்க் கேள்வி

ஆய்வகத்தில் அடுத்தவள் பாட்டிலில் கை வைத்தால் கொலையே விழும். ஆனால் இவளை என்ன செய்ய? உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, என் மூலக்கூறு தங்க இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது. உப்பில்லாமல் திரும்பச் செய்தேன், பால். உப்போடு செய்தேன், தூள். எத்தனை தடவை செய்தாலும் அப்படியே. நுண்ணுயிரியல் துறையில் கிருமி வளர்த்த தட்டில் அதை வைத்துப் பார்த்தார்கள். தூளைச் சுற்றிக் கிருமியே இல்லாத வட்டம் விழுந்திருந்தது.

ஆய்வுக் குழு கூடிய அன்று, வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உப்பும் எலுமிச்சையும் இருந்தா ஊறுகாயே கெடாது. கிருமியக் கொன்னது உங்க மூலக்கூறா, ஊறுகாயா?" எல்லோரும் சிரித்தார்கள். தூளைக் கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டும் உப்பின் அடையாளம் வரவில்லை என்று காட்டினேன். நீர்த்த சாறும் உப்பும் மட்டும் வைத்த இன்னொரு தட்டையும் நீட்டினேன். அதில் வட்டமே இல்லை. கிருமிகள் சௌக்கியமாக இருந்தன. இரண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தலைப்பு அப்படியே இருக்கட்டும், உப்பு உள்ளே வந்த கதையை மட்டும் மறைக்காமல் எழுதவேண்டும் என்றார்.

வெளியே வந்து செல்சியிடம் அப்படியே சொன்னேன். சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் என்னை விலக்கிவிட்டுச் சொன்னாள்: "ஏளா, அப்ப நன்றியுரையில எம் பேரு சாருக்கு மேல வரணும். கீழ போட்டியோ, அடுத்த பாட்டில்ல சீனியப் போட்டுருவேன்."

உலகத்துக்கே உப்பு ஏற்றி அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கை உப்பு போடத் தெரியாமல் அழுததுதான், சுருக்கமாகச் சொன்னால், என் முனைவர் பட்ட ஆய்வு.