எந்த பாஷை விஷமம்?

பெருங்கடவிளையில் ரெஜிலா டீச்சரைப் போலப் பயப்படுகிற ஆள் வேறு கிடையாது. பிறந்தவுடன் எல்லாப் பிள்ளையும் வீறிட்டு அழும். இவள் மட்டும், சத்தம் போட்டால் யாராவது திட்டுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தாளாம். நர்ஸ் பயந்து அலறிய பிறகுதான் இவளும் கூடச் சேர்ந்து அலறினாள். ஞானஸ்நானத்தன்று தண்ணீரைக் கண்டு போதகரின் தாடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியதில், அவருக்கு அதற்குப் பிறகு ஒரு பக்கம் தாடி வளரவேயில்லை. பெரியவளாகித் திருவனந்தபுரத்துத் துணிக்கடை ஒன்றுக்குப் போனபோது, ஓடும் படிக்கட்டின் முன்னால் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள். கடை அடைத்து, காவல்காரர் படிக்கட்டை நிறுத்தியதும் ஏறினாள். மேலே புடவை இருந்தது, விற்க ஆள் இல்லை.

நாய், பல்லி, பாறைக்குளம், துலாம் என்கிற ஐப்பசி மாதத்து இடி, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் போன் எல்லாமே அவளுக்குப் பயம்.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலைதான் வேடிக்கை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் கவுன்சிலர். வயசுப்பிள்ளைகளின் பயத்தையும் துக்கத்தையும் கேட்டு, அவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைத்து அனுப்ப வேண்டும். முன்பு கெமிஸ்ட்ரி சாமான் வைத்திருந்த அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கதவில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் வாசித்தது கிடையாது. அழுகிறவர்கள் போகிற அறை என்பதால் பிள்ளைகள் அதற்குக் ‘கரச்சில் முறி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனாலும் போனார்கள். மற்றப் பெரியவர்களிடம் ஒன்றைச் சொன்னால், “இதுக்கெல்லாம் ஆராவது பேடிப்பாங்களா?” என்று கேட்பார்கள். ரெஜிலா, சொல்லி முடிக்கும் முன்பே கண்ணை விரித்து, “ஐயோ, பிறகு?” என்பாள். பரீட்சையைப் பற்றிய பயத்தைச் சொல்ல வந்த ஒருத்தன், கடைசியில் டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துத் தேற்றிவிட்டுப் போனான். போகும்போது அவனுடைய பயம் பாதியாகியிருந்தது.

அவளிடம் ஒரு கோளாறும் இருந்தது. அம்மா ரத்னபாய் தமிழாசிரியை. “தமிழ் பேசினா தமிழ் பேசணும், மலையாளம்னா மலையாளம். ரெண்டையும் கூட்டிப் பிசையப்பிடாது” என்பது அந்த வீட்டுச் சட்டம். கூட்டிப் பிசைந்தால் அன்றைக்கு மீன்குழம்பு கிடையாது. தமிழ், மலையாள எல்லையோரத்தில் ஊரே காலையில் ஒரு பாஷையில் தொடங்கி மறு பாஷையில் முடிக்கும்போது, ரெஜிலாவுக்கு மட்டும் வலது காது தமிழுக்கு, இடது காது மலையாளத்துக்கு என்று பாகம் பிரிந்துபோயிற்று.

அந்தக் காதுதான் ஒரு நாள் அவளைக் கவிழ்த்தது.

துலாம் மாதம். உச்சிவேளைக்கே வானம் மூடிக்கொண்டிருந்தது. ப்ளஸ் ஒன் படிக்கிற பின்சி கரச்சில் முறிக்குள் வந்து உட்கார்ந்தாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவாள். வந்தால் தம்பி நிஜினின் சேட்டைகளைத்தான் சொல்லுவாள். மழைத்தவளையைப் பிடித்து அரிசிப் பானைக்குள் விட்டது, சபைப் பாட்டு நடுவில் கோழி மாதிரிக் கூவியது. இருவரும் தமிழில்தான் பேசுவார்கள்.

“டீச்சரே, வீட்டுல விஷமம் தாங்க முடியல்ல” என்றாள் பின்சி.

ரெஜிலா சிரித்துவிட்டாள். “எவனாக்கும், நம்ம நிஜினா? இந்தத் தடவை எதைப் பிடிச்சு எதுல போட்டான்?”

பின்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். “ஒண்ணுமில்ல டீச்சரே. சும்மா சொன்னேன்” என்று எழுந்து போனாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததை ரெஜிலா கவனித்தாள். மணி அடித்துவிட்டது, கவனித்ததை மறந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியர் அறையில் ஆனந்தலட்சுமி டீச்சர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மலையாளம் எடுப்பவர், பேச்சும் மலையாளம்தான். தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஆ பின்சிக்கு எந்தா இத்ர விஷமம்? கிளாஸில் இருந்நு கண்ணு தொடய்க்குந்நு.”

விஷமம். அதே சொல், இப்போது இடது காதில் விழுந்தது. தமிழில் அது குறும்பு. மலையாளத்தில் அது துக்கம், நெஞ்சை அடைக்கிற துக்கம்.

ரெஜிலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. உச்சிக்கு அந்தப் பிள்ளை தம்பியின் குறும்பைச் சொல்லவில்லை. வீட்டில் துக்கம் தாங்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு இவள் சிரித்திருக்கிறாள்.

வகுப்புக்கு ஓடினாள். பின்சியின் பேக் பெஞ்சில் இருந்தது, குடையும் இருந்தது. பின்சியைக் காணோம்.

“தலைவலின்னுட்டு வெளிய போனா டீச்சரே” என்றாள் பக்கத்தில் இருக்கிற ஜோஸ்னா. “பின்கேட்டு வழியா பாறைக்குளத்துப் பக்கம் நடக்கத ஜன்னல்ல கண்டேன்.”

“ஏன் மக்கா ஆருகிட்டயும் சொல்லல்ல?”

“உங்களைப் பாத்துட்டுத்தானே வந்தா. உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சேன்.”

ரெஜிலா போனை எடுத்தாள். பின்சியின் அம்மா ஷைனிக்குப் போன் போட்டாள். “இங்க வரேல்லியே டீச்சரே, என்னாச்சு?” என்ற குரல் பாதியில் உடைந்தது. அப்பா ஷைஜு ஆட்டோ ஓட்டுகிறவர், அவர் எடுக்கவேயில்லை. “ரெண்டு பேரையும் பாறைக்குளத்துக்கு வரச் சொல்லுங்க, பிரின்சிபால்கிட்டயும் சொல்லுங்க” என்று பின்னாலேயே வந்த ஆனந்தலட்சுமியிடம் சொல்லிவிட்டு, ரெஜிலா பின்கேட்டைத் தாண்டினாள்.

பாறைக்குளம் என்பது கல் வெட்டிக் கைவிட்ட பெரிய குழி. மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடக்கும். ஆழத்தைப் பார்க்கக் கயிறு விட்டவர்கள், கயிறு தீர்ந்து, வேட்டியை அவிழ்த்துக் கட்டி விட்டும் அடி தட்டவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ரெஜிலா அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தது கிடையாது.

ரப்பர் மரங்களுக்குள் பாதை இருட்டியிருந்தது. முதல் இடி எங்கோ அதியன்னூர்ப் பக்கம் உருண்டது. வழியில் ஒரு நாய் படுத்திருந்தது. போஸ்ட்மேனை நெய்யாற்றின்கரை வரைக்கும் துரத்திக்கொண்டுபோய், பஸ்ஸில் திரும்பி வந்ததாகப் பெயர் வாங்கிய நாய். அது எழுந்து பல்லைக் காட்டியது. பிறகு ரெஜிலாவின் முகத்தைப் பார்த்தது. என்ன கண்டதோ, வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது. அவளுக்கு அது நாய் என்பதே அப்போது உறைக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: சிரித்துவிட்டேன், சிரித்துவிட்டேன்.

மரங்கள் முடிந்து பாறை தொடங்கியது. கீழே தண்ணீர், அசைவே இல்லாமல்.

பாறையின் விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு கழற்றி வைத்திருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் போடுகிற கறுப்புச் செருப்பு. ரெஜிலா ‘பின்சி’ என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது. இலை விழுந்ததா, மீனா, வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. நீந்தத் தெரியாது. குனிந்து பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். ஒரு அடி முன்னால் வைத்தாள். பாசி வழுக்கியது. இன்னொரு அடி வைத்தாள்.

“டீச்சரே! அங்க நிக்காதீங்க, வழுக்கும்!”

குரல் பின்னாலிருந்து வந்தது. கல் உடைக்கிற பழைய கிரஷரின் தகரக் கூரைக்குக் கீழே, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்சி உட்கார்ந்திருந்தாள்.

ரெஜிலா நடந்து போகவில்லை. நாலு காலில் ஊர்ந்துபோய் அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். உயிருள்ள கால், சூடாக இருந்தது. பிறகுதான் மூச்சு வந்தது.

“செருப்பு...” என்றாள்.

“அட்டை கடிச்சு டீச்சரே. செருப்பை ஊரி வச்சுப் பாத்தேன். பிறகு குளத்து வெள்ளத்தைக் கண்டு பயந்து இஞ்ச ஓடி வந்துட்டேன். எடுக்கப் போவ பேடி.”

கேட்கக் கூடாத கேள்வி என்று ஊர் நினைக்கிற கேள்வி ஒன்று உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ரெஜிலா படித்திருந்தாள். இதுவரைக்கும் ஒருவரிடமும் அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வந்தது கிடையாது. இப்போது, பிடித்த காலை விடாமலே கேட்டாள்.

“மக்கா, சாவணும்னு தோணிச்சா?”

பின்சி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். “வரும்போ ஆரும் ஒண்ணும் பேசாத ஒரு எடத்துல இருந்தாப் போதும்னுதான் இருந்துது. விளிம்புல நின்னப்போ ஒரு வாட்டி தோணிச்சு. உடனே பயம் வந்துது.”

“பயம் வந்துதே!” என்று ரெஜிலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அது போதும். அந்தப் பயம் நல்ல பயமாக்கும். அது ஒன்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இங்க இருத்திச்சு பாத்தியா?” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீ உச்சைக்குச் சொன்னதை நான் தப்பாக் கேட்டேன். நீ சொன்னது மலையாளத்து விஷமம், நான் கேட்டது தமிழ் விஷமம். இப்பம் சொல்லு. ரெண்டு காதையும் தொறந்து வச்சிருக்கேன்.”

பின்சி சொன்னாள். ஓணத்துக்கு முன்பு அப்பாவும் அம்மாவும் ஏதோ சண்டை போட்டார்கள். அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை. ஒரே அறையில், ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் அவள் வழியாகத்தான். ‘அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சு.’ ‘ஒங்க அம்மைகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்கு.’ அவள் சொல்லும்போது முள்ளை எடுத்துவிட்டுச் சொல்லுவாள். ‘கண்ணு இருக்கு’ என்பதை, ‘அப்பா பாத்துட்டாங்களாம்’ என்று ஆக்குவாள். அன்று காலையில் அது பிடிபட்டுவிட்டது. இருவரும் சேர்ந்து அவளைத் திட்டினார்கள். கள்ளி, நடுவில் நின்று மாற்றிச் சொல்லுகிறவள் நீதான், ஒன்னாலதான் எல்லாம்.

“ரெண்டு மாசத்துல அதுல மட்டும் அவங்க ஒத்துமையாயிட்டாங்க டீச்சரே” என்றாள் பின்சி. சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

அப்போது தலைக்கு நேர் மேலே இடித்தது. தகரக் கூரை முழுக்க நடுங்கியது. ரெஜிலா அலறிக்கொண்டு பின்சியின் தோளுக்குள் முகத்தைப் புதைத்தாள். பின்சி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “ஒண்ணும் இல்ல டீச்சரே, கழிஞ்சு போச்சு.”

ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஷைனி ஓடி வந்தாள். மறுபக்கத்துச் சாலையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஷைஜு ஓடி வந்தார். இருவரும் கூரைக்குக் கீழே வந்து நின்றார்கள், மகளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஷைனி மகளின் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். மழைத் துளி விழத் தொடங்கியது. அவள் மகளின் காதருகே குனிந்தாள்.

“மக்கா, அப்பாகிட்ட சொல்லு, ஆட்டோவை...”

பின்சியின் உடம்பு விறைத்ததை ரெஜிலா தன் கையில் உணர்ந்தாள். மழையை விட, இடியை விட, அந்தக் குளத்தை விட அது அவளைப் பயமுறுத்தியது. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று நினைத்திருந்தாள். இன்னும் விளிம்பில்தான் நிற்கிறாள்.

“அவ சொல்ல மாட்டா!” என்றாள். அது தன்னுடைய குரல்தான் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. “ஷைனி, அவர் இந்தா உங்க முன்னாலதான் நிக்காரு. நேரா சொல்லுங்க. ஷைஜு, நீங்களும்தான். இந்தப் பிள்ளை உங்க போன் இல்ல. இன்னைக்கு அது ஆஃப் ஆயிருக்கும், தெரியுமா?”

இருவரும் அப்போதுதான் விளிம்பில் கிடந்த செருப்பைப் பார்த்தார்கள். மழை தகரத்தில் அடித்தது.

ஷைனி கணவனின் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஆட்டோவ... கொஞ்சம் கிட்டக் கொண்டு வாருங்க. பிள்ளை நனையுது.”

“இந்தா கொண்டு வாறேன்” என்றார் ஷைஜு. போகிற வழியில் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாளே பின்சியை நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இப்போதும் போகிறார்கள். தாயும் தகப்பனும் கரச்சில் முறிக்கு வந்து, ரெஜிலாவின் முன்னால் சண்டை போட்டார்கள். நேருக்கு நேர் போட்டார்கள் என்பதே பெரிய காரியம். சத்தம் கூடும்போதெல்லாம் ரெஜிலா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஓடவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்து எதைச் சொன்னாலும் அவள் ஒரு கேள்வி கேட்பாள்: “இது எந்த பாஷை மக்கா?” பிள்ளைகள் கேலி செய்தார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கேட்டால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். யோசிக்கும்போதுதான் உண்மையான சொல் வெளியே வரும்.

போன வாரம் பின்சி வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சரே, விஷமம்.”

ரெஜிலா சட்டென்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லைக் கேட்டால் இனி எந்நாளும் பிடித்துக்கொள்வாள். “எந்த பாஷை?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பின்சி டிபன் டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். “தமிழ்தான். நிஜின் போட்டது.”

உள்ளே, தோசைக்குப் பக்கத்தில், ஒரு பல்லி உயிரோடு உட்கார்ந்திருந்தது.

ரெஜிலா போட்ட கூச்சல் தூரத்து ஊரான கோட்டுகாலில் கேட்டதாக அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.