வெல்டாவின் ஒன்பது

மிசௌரியில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் வெல்டா கிராட்ஸ். வருஷாவருஷம் மாவட்டத் திருவிழாவின் பார்பிக்யூ கறிப் போட்டிக்கு நடுவர். நாக்கும் மூக்கும் மழுங்கிவிடும் என்று போட்டியன்று காலையில் காபிகூடக் குடிக்க மாட்டாள், வாசனைத் திரவியம் பக்கத்திலேயே போக மாட்டாள். எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறவளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று சொல்லிவிட்டுத்தான் புருஷன் வெர்லின், பல் டாக்டர் கிளினிக் வரவேற்புப் பெண்ணோடு போனான். போகட்டும், சனியன் தொலைந்தது.

அந்த வருஷம் அவள் மேசையில் டிராக்டர் வியாபாரி ஸ்டோல்ட்ஸை உட்கார வைத்திருந்தார்கள். கூடாரம் அவன் உபயம். நடுவர் வேலையின் அரிச்சுவடிகூட அவனுக்குத் தெரியாது.

பன்றி விலா வந்தது. பெட்டியில் சமைத்தவர் பேர் இருக்காது, எண் மட்டும். மார்க் சீட்டைக் கொடுக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது. மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெல்டா கடித்தாள். கடித்த இடத்தில் மட்டும் கறி வந்தது. பல் பதிந்த தடம் அப்படியே நின்றது. விலா என்றால் அதுதான் பதம். ஒன்பது போட்டாள். அதற்கு மேல் மார்க் கிடையாது.

"என்னய்யா இது, எலும்ப விட்டு வரவே மாட்டேங்குது! வேகவே இல்ல!" என்றான் ஸ்டோல்ட்ஸ்.

எதிரே இருந்த இரண்டு புது நடுவர்கள் எழுதிய ஒன்பதை அடித்துவிட்டு ஆறு போட்டார்கள். வெல்டா அதைக் கண்ணால் பார்த்தாள். உச்சிக்கு ஏறியது கோபம். கையைத் தூக்கிப் போட்டித் தலைவன் லீராயைக் கூப்பிட்டாள்.

"இந்த மேசை மார்க் செல்லாது. பெட்டியெல்லாம் மிச்சத் துண்டோட வேற மேசைக்குப் போகணும்."

"வெல்டா, மெதுவா பேசு தாயி. கூடாரமே அவரோடது."

"அப்ப கூடாரத்துக்கு மார்க் போடச் சொல்லு அந்தாள!"

"ரொம்பப் பேசுனா அடுத்த வருஷம் உனக்கு மேசை கிடையாது."

"அடுத்த வருஷம் எதுக்கு? இந்தா, இப்பவே வச்சுக்க." நடுவர் வில்லையைக் கழற்றி அவன் முன்னால் எறிந்தாள். ராத்திரி முழுக்க அடுப்புக்குக் காவல் இருந்தவன் எவனோ, அவன் உழைப்பு இந்த வாய்க்கொழுப்புக்காரனால் வீணாவதா? மற்ற மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. லீராய் முனகிக்கொண்டே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் விலாவுக்கு முதல் பரிசு அந்த மூன்றாவது பெட்டிக்குத்தான். வாங்க மேடையேறினவன் வெர்லின்.

வெல்டா கைதட்ட நிற்கவில்லை. விடுவிடுவென்று காருக்கு நடந்தாள். அவன் கோப்பையும் கையுமாக ஓடி வந்து வழி மறித்தான்.

"சண்ட போட்டியாமே! நான்னு தெரிஞ்சுதான செஞ்ச?" என்று இளித்தான்.

மேசையில் ஸ்டோல்ட்ஸ் செய்ததுகூட இவ்வளவு சுடவில்லை.

"தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள். ஆறுதான் போட்டிருப்பேன் என்று வாய்வரைக்கும் வந்தது. அவளுக்கே பகீரென்றது. காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தி, ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"பெட்டில பேர் எழுதாம வைக்கிறது அந்த டிராக்டர்காரனுக்காக மட்டும் இல்லடா. எனக்காகவுந்தான். தள்ளு!"