தாயம்மா உரைத்த மருந்து

தாயம்மாவை நல்லவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மலாயாவில் ரந்தாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வருஷம் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தாள். காட்டு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவோம். கொஞ்சம் பிந்தி வந்தால் போதும், வாய்க்கு வந்தபடி திட்டுவாள். ஆனால் வயிறு உப்பிப் பிள்ளை வீறிட்டால் அவளை விட்டால் ஆள் கிடையாது. வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் உரைத்து, நாக்கில் துளி தொட்டு வைத்து, தொப்புளைச் சுற்றித் தடவுவாள். பிள்ளை இருக்கும் இடத்தில் வசம்பு என்று பேர் சொல்லமாட்டாள். பிள்ளை வளர்ப்பான் என்பாள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம். நாகப்பட்டினத்துக் கப்பல் நின்றுபோய், கடைகளில் வசம்பு கண்ணில் படவில்லை. ரப்பர் வாங்கவும் நாதியில்லை. மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். கிழங்கைத் தின்றுவிட்டுப் பால் கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு ஊதாமல் என்ன செய்யும் என்று எங்களைத்தான் ஏசுவாள். என்னமோ நாங்கள் நெய்ச்சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கிழங்கு தின்ற மாதிரி.

என்னோடு வேலை செய்த பஞ்சாலை என்பவளின் மகனுக்கு அப்போது இரண்டு மாதம். புருஷன் நல்லசாமியை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளை காலை மடக்கி, முகம் சிவக்க, மணிக்கணக்கில் கத்தியது. வயிறு கல் மாதிரி இருந்தது. தாயம்மா வெற்றிலையில் எண்ணெய் தடவி வாட்டி வயிற்றில் போட்டுப் பார்த்தாள், கேட்கவில்லை. தொடர்ந்து மூன்று நாள் பஞ்சாலையைப் பாதி வேலையிலேயே கூப்பிட்டனுப்ப வேண்டியதாயிற்று. நாளைக்கும் போனால் பேரை வெட்டிவிடுவேன் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொல்லிவிட்டார். பேர் இருந்தால்தான் வாரம் நாலு டின் அரிசி. அந்தக் கஞ்சியும் போனால் அவளுக்குப் பால் ஏது?

மறுநாள் யாரும் கூப்பிட வரவில்லை. வேலை முடிந்து போனால் பிள்ளை வயிறு இளகித் தூங்குகிறது, தொப்புளைச் சுற்றிக் கறுப்பு மருந்து. எங்கே கிடைத்தது என்று கேட்டோம். தாயம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் நானும் பஞ்சாலையும் சீக்கிரமே போய்விட்டோம். தாயம்மா மடியில் ஒரு சின்ன வளையல் கிடந்தது. வசம்பு மணிகளைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிறந்த பிள்ளை கையில் கட்டுவோமே, அது. ஒரு மணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று, அதுவும் எட்டு மாதத்தில் குளிர்காய்ச்சலில் போய்விட்டது.

செத்த பிள்ளையின் சாமானை உயிரோடிருக்கிற பிள்ளைமேல் படவிடமாட்டோம். தாயம்மாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் மறைத்திருக்கிறாள். அந்த வாய்க்காரி அன்று தலை நிமிரவில்லை.

“எம் புள்ளையோடதுதான். வேற எங்கயும் கெடைக்கல” என்றாள்.

பஞ்சாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உரைகல்லை இழுத்து அதில் பாலைப் பீய்ச்சினாள்.

“இன்னும் எத்தன மணி இருக்குக்கா?”

“மூணு.”

“ரெண்ட ஒரைங்க. ஒண்ணு ஒங்களுக்கு இருக்கட்டும்.”